நல்லூரில் அரண்மனை தேடியபோது

மரபுத் திங்கள் கண்காட்சிக்காக என் மகள் ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து காட்போட் மட்டையால் ஒரு வளைவு செய்தாள். மஞ்சள் நிறம் பூசி, கீழே 'சங்கிலிய மன்னனின் அரண்மனை வாசல், நல்லூர்' என்று தமிழில் எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். தகவல் சரியா என்று பார்க்கத் தோன்றவில்லை. சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

அந்த ஆடி மாதம் யாழ்ப்பாணம் போனோம். அவளுக்கு அது முதற்பயணம். வந்த இரண்டாம் நாளே வளைவைப் பார்க்கவேண்டும் என்றாள். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரான என் பெரியப்பாவும் கூட வந்தார்.

சங்கிலித்தோப்பில் வீதியோரம் அந்த வளைவு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தவள் திரும்பி, "இவ்வளவுதானோ அப்பா? மிச்சம் எங்க?" என்றாள்.

நான் ஆரியச்சக்கரவர்த்திகளின் கதையைத் தொடங்கினேன். பெரியப்பா மெதுவாக இடைமறித்தார். "பிள்ளை, இந்த வளைவைச் சங்கிலியன் கண்டிருக்கமாட்டான்."

இதன் கட்டடப் பாணியில் ஐரோப்பியச் சாயல் இருக்கிறது என்றும், ஒல்லாந்தர் காலத்திலோ அதற்குப் பின்னரோ எழுந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுவதாக விளக்கினார். பருத்தித்துறை வீதியில் உள்ள மந்திரிமனையும் அப்படித்தானாம். அரச மாளிகைகள் இருந்ததாக ஊர் நினைவில் வைத்திருக்கும் வளவுகளில் பின்னர் வந்தவர்கள் கட்டியவை. எனக்குக் கோபம் வந்தது. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து வந்தது இதைக் கேட்பதற்கா?

"அப்ப உண்மையான அரண்மனை எங்க?" என்று மகள் கேட்டாள்.

அன்று பின்னேரம் முழுவதும் நாங்கள் நடந்தது அந்தக் கேள்விக்கான விடையைத் தேடித்தான்.

போர்த்துக்கேயர் நல்லூர்மீது ஒருமுறை மட்டும் படையெடுக்கவில்லை. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா கோவாவிலிருந்து வந்து நகருக்குள் புகுந்தான். 1591இல் வந்த படை மன்னனைக் கொன்று, தமக்கு இணங்கி நடப்பான் என்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றியது. 1619இல் பிலிப் த ஒலிவேறா வந்தான். கடைசி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேறா இடிப்பித்தான். ஆட்சிப்பீடமும் நல்லூரைவிட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனது. இடித்த கற்கள் அங்கே கோட்டை கட்டப் போயின என்பது வழிவழியாக வரும் செய்தி.

முத்திரைச் சந்திக்கு அருகில், பழைய கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று ஒரு கிறிஸ்தவ தேவாலயம் இருக்கிறது. பக்கத்தில் ப வடிவில் யமுனா ஏரி. பாசி படர்ந்த அந்தத் தண்ணீரின் ஓரத்தில் மகள் நெடுநேரம் நின்றாள். யமுனை நதியின் நீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் ஊற்றினார்கள் என்ற கதையைச் சொன்னேன். "இது உண்மையோ, கதையோ?" என்று கேட்டாள். கதை என்றேன். அவள் அதற்காக ஏமாற்றப்படவில்லை. எது எது என்று பிரித்துச் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இன்று தேரோடும் கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், இரகுநாத மாப்பாண முதலியார் தொடக்கியது. ஆனால் அந்தக் கோயிலில் சொல்லப்படும் கட்டியத்தில் புவனேகபாகு என்ற பெயர் இன்றும் ஒலிக்கிறது. கோயிலைக் கட்டியவன் அப்பெயருடைய மந்திரி என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை. 1450இல் கோட்டே அரசனுக்காக யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் தெற்கே ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடிய செண்பகப் பெருமாள்தான் அவன் என்பார் வேறு சிலர்.

"எங்களைப் பிடிச்ச ஆளின்ர பேரையோ சொல்லுகினம்?" என்று மகள் வியந்தாள்.

"அப்பிடியும் இருக்கலாம் பிள்ளை. அதுக்காக ஒருத்தரும் அதை எடுத்துவிடேல்லை" என்றார் பெரியப்பா.

நகரின் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் என்று நான்கு காவற்கோயில்கள் இருந்ததை வைபவமாலை கூறுகிறது. அவை இடிக்கப்பட்டுப் பின் எழுந்தவை. அவற்றை ஒரு தாளில் குறித்து மகள் கோடிட்டு இணைத்தாள். அரண்மனை இல்லாத தலைநகர் ஒன்றின் எல்லை அந்தத் தாளில் தெரிந்தது.

அடுத்த தை மாதம் ரொறன்ரோவில் அதே வளைவைத் திரும்பவும் வைத்தாள். குறிப்பு மட்டும் மாறியிருந்தது: 'இது அரசன் கட்டிய வாசல் அல்ல. அவனது மாளிகை இருந்ததாக ஊர் நினைவுகூரும் காணியில் பின்னர் எழுந்தது.'

அதை வாசித்த ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, எங்களுக்கு ஒரு ராச்சியமே இருக்கேல்லை எண்டு சொல்லுறவங்கள் இருக்கிறாங்கள். நாங்களே ஏன் இப்பிடி எழுதவேணும்?"

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. வளைவின் முன்னால் எனக்கு வந்த கோபமும் அதுதான். ஆனால் நாங்கள் காட்டும் சான்று பிழையென்று நாளைக்கு வேறொருவர் நிறுவினால், எங்கள் பிள்ளைகள் மற்றச் சான்றுகளையும் நம்பமாட்டார்கள். அந்த அரசுக்குச் சாட்சி இந்த வளைவு அல்ல. அதை வீழ்த்தியவர்களே அதைப்பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். இல்லாத அரசைப் பிடிக்க 1560இலும் 1591இலும் 1619இலும் யாரும் படை கொண்டு வந்திருக்கமாட்டார்கள்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. மேசைக்குத் திரும்பிப் போய், மகளிடம் கேட்டார்: "அப்ப, பிள்ளை, உண்மையான அரண்மனை எங்க?"

அவள் நான்கு கோயில்களையும் குறித்த தாளை எடுத்து விரித்தாள்.