குறியில் விழுந்த துளை

வில்லாளன் எய்த அம்பு இலக்கிலேயே நிற்கும். அது தைத்த இடத்தை அவன் நின்ற இடத்திலிருந்தே காண்பான். துப்பாக்கி வந்தபின் இந்நிலை மாறிற்று. குண்டு இலக்கைத் துளைத்து அப்பாற் போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு சிறு துளையே. தொலைவிலுள்ள அத்துளையைக் காண்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. கடாரம் எனப் பழந்தமிழர் அறிந்த நம் கெடா மாநிலத்தையும் அவ்வரலாறு தொட்டுச் செல்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவு வரையில் பொருள்களைப் பிரித்தறியும். 100 மீட்டர் தொலைவில் அவ்வளவு ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் ஆகும். மலாயாவில் ‘திரீ நாட் திரீ’ என்று பலரும் அறிந்திருந்த லீ என்பீல்டு துப்பாக்கியின் குண்டோ ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. ஆகவே ஏறத்தாழ 27 மீட்டரைக் கடந்தால் துளை கண்ணுக்கு மங்கத் தொடங்கும். 300 மீட்டரில் அது இல்லாததற்கு ஒப்பாகும். எனவே இலக்கின் அருகே வேறொரு கண் வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் தேசியத் துப்பாக்கிக் கழகம் 1859இல் தோன்றியது. மறு ஆண்டு விம்பிள்டன் திடலில் நடந்த அதன் முதற் போட்டியை விக்டோரியா அரசியாரே முதற்குண்டு சுட்டுத் தொடங்கி வைத்தார். அக்காலத்தில் இரும்புப் பலகைகளே இலக்குகள். ஈயக்குண்டு அவற்றின் மேல் மோதிச் சிதறிக் கறையாய்ப் படியும். அருகே மறைவிடத்தில் இருந்த குறிகாட்டுவோர் கறையை நோக்கி, வண்ணக் கொடிகளால் செய்தி அறிவிப்பர். பின்னர்ச் சுடுதலை நிறுத்திவைத்துக் கறையின்மேல் வண்ணம் பூசுவர்.

பிற்காலத்தில் துணியும் காகிதமும் ஒட்டிய சட்டங்கள் வந்தன. மண்மேட்டின் பின்னே ஆழ்ந்த குழி ஒன்று இருக்கும். குறிகாட்டுவோர் அக்குழியில் நிற்க, குண்டுகள் அவர்கள் தலைக்குமேலே செல்லும். ஒரு குண்டு பாய்ந்ததும் சட்டத்தைக் கீழே இறக்குவர். பழைய துளையைக் காகிதத்தாலும் பசையாலும் அடைப்பர். புதிய துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மீண்டும் மேலேற்றுவர். துளையைக் காண இயலாத கண்ணுக்கு அத்தகடு தெளிவாகத் தெரியும். குண்டே படவில்லையெனின் கொடியசைத்துக் காட்டுவர். எளிய முறைதான், எனினும் சுடுவோன் அறியும் உண்மை முழுவதும் குழியில் நிற்பவனின் நேர்மையைப் பொறுத்தது. அவன் உயிரோ சுடுவோரின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1948 சூனில் மலாயாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1960 சூலை 31இல்தான் அது முடிவுற்றது. பால்மரத் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ‘ஸ்பெஷல் கான்ஸ்டபிள்’ எனப்பட்ட காவலர் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பெற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் மலாய்க்காரர். குறுகிய காலத்தில் துப்பாக்கி பிடிக்கக் கற்று, தோட்டங்களில் அவர்கள் காவல் நின்றனர். 1951இல் சுங்கைப்பட்டாணியில் கூர்க்காப் படையின் பயிற்சி நிலையம் அமைந்தது. நேப்பாள மலைகளிலிருந்து வந்த இளைஞர் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அங்கே படைப்பயிற்சி பெற்றனர். இத்தகையோர்க்குத் துளையைக் காட்டுதல் விளையாட்டன்று. தன் குண்டு எங்கே பட்டதென அறியாதவன் தன் பிழையைத் திருத்த இயலாது. காட்டோரத்தில் அப்பிழைக்கு விலை உயிராகவும் இருக்கலாம்.

தொலைநோக்கி இருந்தால் போதாதோ எனலாம். இருபது மடங்கு பெருக்கும் கருவி, கணக்கின்படி 500 மீட்டருக்கு அப்பாலும் துளையைக் காட்ட வேண்டும். ஆயினும் நண்பகல் வெயிலில் நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று காட்சியை அலைக்கும். நம் முன்னோர் பேய்த்தேர் என்றும் கானல் என்றும் அழைத்தவற்றுக்கு உறவான தோற்றம் இது. அப்போது கருவி எவ்வளவு பெருக்குகிறதோ அவ்வளவுக்கு அலைவும் பெருகும். காலையும் மாலையுமே அதற்கு ஏற்ற வேளைகள். எனினும் தேர்ந்தவர் அக்கானல் சாயும் திசையை நோக்கியே காற்றின் போக்கை அறிவர்; இடையூறே துணையாவதும் உண்டு.

இன்று இலக்கைச் சுற்றி ஒலிவாங்கிகள் உள்ளன. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு எழுப்பும் அதிர்வலை ஒவ்வொன்றையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, குண்டு பட்ட இடம் கணிக்கப்பட்டு, சுடுவோன் அருகிலுள்ள திரையில் தோன்றும். துளையைச் சுற்றி ஒளிர்நிறம் தெரியும்படி செய்த காகிதமும் உண்டு. இலக்கருகே படக்கருவி வைத்துப் பார்ப்பாரும் உளர். குழிக்காவலன் வேலை இத்தகைய திடல்களில் ஓய்ந்துவிட்டது.

1786 வரை கெடாவைச் சேர்ந்திருந்த பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில், ‘பாடாங் தெம்பாக்’ என்னும் பகுதி உள்ளது. ‘சுடும் திடல்’ என்பது அதன் பொருள். பழைய திடலின்மேல் 1960களின் இறுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. திடல் மறைந்தும் பெயர் மறையவில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இக்குறிகாட்டுவோரை எளிதில் அறிந்துகொள்வர். விடைத்தாளில் ‘தவறு’ என்று மட்டும் எழுதினால் மாணவன் கற்பதில்லை. எங்கே, எவ்வளவு விலகினான் என்று காட்டினால் அடுத்த முறை நெருங்குவான். குழியில் நின்று தகடு செருகியவர் செய்ததும் அதுவே.