உப்பும் நாமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



"உடல் எடையைக் குறைக்க வேண்டும், இரத்த அழுத்தமும் ஏறிவிட்டது. உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பில்லாமல் எப்படி ஐயா சாப்பிடுவது?" கெலாங் பாத்தா வட்டாரத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எவ்வளவு உப்பு போதும் என்பதை மருத்துவம் சுருக்கமாகச் சொல்லிவிடும். நம் நாக்கு ஏன் இவ்வளவு உப்பைக் கேட்கிறது என்பதை அறிய வேண்டுமானால் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

பண்டைத் தமிழகத்தில் உப்பு அரும்பொருள். நெய்தல் நிலத்து உப்பளங்களில் விளைந்த உப்பை உமணர் எனப்பட்ட வணிகர்கள் மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். நெல்லைக் கொடுத்து உப்பைப் பெற்ற பண்டமாற்றைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வள்ளுவரோ ஊடலுக்கு உப்பை உவமையாக்கினார். உணவில் உப்பு அளவோடு அமைவது போன்றது ஊடல். அதை நீட்டித்தால் உப்பு மிகுந்தது போலாகும் என்பது அவர் கருத்து. உப்பின் பெருமை அதன் அளவில்தான் உள்ளது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அதே உப்பு அரசின் வருவாய்ப் பொருளாயிற்று. சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டு உப்பு அரசின் ஏகபோகமாக்கப்பட்டது. வெயிலில் உழைக்கும் ஏழைக்கும் உப்பு தேவை; ஆகவே உப்பு வரி அவனையும் விட்டுவைக்கவில்லை. காந்தியடிகள் 1930-இல் தண்டி யாத்திரைக்கு உப்பைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, வேதாரண்யம் சென்று, ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பெடுத்துக் கைதானார்.

அந்தக் காலக்கட்டத்தில்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலி முறையிலும் பின்னர் கங்காணி முறையிலும் வந்த இந்தக் குடியேற்றம், 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. தோட்டத்து லயங்களில் குளிர்பதனப் பெட்டி ஏது? கெடாமல் இருப்பது கருவாடும் ஊறுகாயும்தான். விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வியர்வை சிந்திய உடலுக்குக் கஞ்சியும் கருவாடும் ருசித்தன. வியர்வையோடு உப்பும் வெளியேறியது. உடல் வெப்பத்துக்குப் பழகியபின் வியர்வையில் கலந்து போகும் உப்பின் அளவு குறைந்துவிடும் என்பதை இன்றைய உடலியல் கூறுகிறது. எனினும் அன்றைய உழைப்பு அந்த உணவை ஓரளவு தாங்கியது.

பிறகு வாழ்க்கை மாறிற்று. இரப்பர் தோட்டங்கள் செம்பனையாக மாறின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் வட்டாரத்தில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் எழுந்தது. 1998-இல் சிங்கப்பூருக்கான இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. தொழிற்சாலை, கனவுந்து, அலுவலகம் என்று பிழைப்பு மாறி, வியர்வை குறைந்தது. உப்பு மட்டும் குறையவில்லை. கருவாட்டோடு கிச்சாப்பும், பெலாச்சானும், உடனடி மீயும் சேர்ந்துகொண்டன.

மருத்துவ உலகம் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. 1904-இலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்கள் அம்பார், போழார் இருவரும் உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் குறைவதைக் கண்டனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர், சோறும் பழமும் சார்ந்த, உப்பு மிகக் குறைந்த உணவால் கடும் இரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்து, 1944-இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னாளில் உடல் பருமனுக்கும் அதே முறை பயன்பட்டது. மருத்துவர் கண்காணிப்பிலேயே செய்யத்தக்க கடுமையான முறை அது. நாம் வீட்டில் பின்பற்றலாகாது. ஆயினும், சோற்றை மட்டுமே பழிப்போர் அதனோடு சேரும் உப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்தி, 1988-இல் வெளியான 'இண்டர்சால்ட்' ஆய்வும் உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும், அதாவது 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஆனால் 2017–2018-இல் நம் நாட்டில் நடந்த ஆய்வு, மலேசியர் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்பு உண்பதாகக் கண்டது. 2023-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். இந்தச் சிக்கல் நம் இந்தியச் சமூகத்தை வெகுவாகவே தாக்கியுள்ளது என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டும்.

இனி, செய்யத்தக்கவை சில.

உப்பு கொழுப்பை உண்டாக்குவதில்லை, நீரைத் தேக்குகிறது. உப்பைக் குறைத்த முதல் வாரத்தில் தராசில் குறைவது பெரும்பாலும் நீரே. அதைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடாமல், உணவின் அளவைக் குறைத்தும் நடந்தும் எடையைக் குறைக்க வேண்டும். எடை ஒரு கிலோ குறைந்தால் இரத்த அழுத்தமும் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குமென ஆய்வுகள் கூறுகின்றன.

உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, மிளகு, சீரகம், எலுமிச்சை, மல்லித்தழை ஆகியவை உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். கருவாட்டை ஊறவைத்து நீரை வடித்துச் சிறிதளவே உண்ணலாம். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். பொட்டலத்தின் பின்புறம் சோடியம் என்னும் வரியைப் படிக்கும் பழக்கம் வேண்டும். எடை குறைக்கவென வாங்கும் சூப்புப் பொட்டலங்களிலும் உப்பு மிகுதி. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்ற பழமொழியையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்போம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் வீட்டு அடுக்களையிலும் இன்று நாம் பழக்கும் சுவையே, நாற்பது வயதில் அவர்களின் இரத்த அழுத்தத்தை நிர்ணயிக்கும். தோட்டத்தில் வியர்வை சிந்தி நம்மை ஆளாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நலமோடு வாழ வேண்டாமா?

சிந்திப்போம், செயல்படுவோம்.