தாலியும் தண்டனையும்: அகிலனின் ‘சித்திரப்பாவை’யில் தூய்மைவாத விமர்சனம்

புதுக்கோட்டை மாவட்டம் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. கலைக்கும் பணத்துக்கும் இடையே நிகழும் மோதலாகவே இந்நாவலை வாசிப்பது வழக்கம். ஓவியன் அண்ணாமலையையும் பணமே குறியான மாணிக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தும் கதையமைப்பு அதற்கு இடம்தருகிறது. எனினும், கதையை நகர்த்தும் விசை ஆனந்தியின் திருமணத்தில்தான் இருக்கிறது. பெண்ணுடலின் தூய்மையைக் காவல்காக்கும் சமூகத்தின் மீதான விமர்சனமாக இந்நாவலை வாசிக்க வேண்டும் என்பதும், அவ்விமர்சனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அண்ணாமலையை நேசிக்கும் ஆனந்தியை மாணிக்கம் பலவந்தமாக முத்தமிடுகிறான். குற்றம் அவனுடையது, ஆனால், களங்கம் தன்மீது படிந்துவிட்டதாக அவள் கருதுகிறாள். தீண்டியவனையே மணப்பதுதான் கற்பு என்று நம்பி அவனுக்கே மனைவியாகிறாள். இங்கே ஊர்ப் பஞ்சாயத்து கூடவில்லை. யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்குத் தொடுப்பவளும் தீர்ப்பு எழுதுபவளும் தண்டனை ஏற்பவளும் ஆனந்தியே. தூய்மைவாதம் உச்ச வலிமை பெறுவது அது சட்டமாக இருக்கும்போது அல்ல, மனச்சாட்சியாக மாறிவிடும்போதுதான். அகிலனின் முதன்மையான கண்டறிதல் இது.

17ஆம் நூற்றாண்டுப் பாஸ்டனைக் களமாகக் கொண்ட நத்தானியேல் ஹாதோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1850) நாவலோடு ஒப்பிட்டால் இது மேலும் துலங்கும். அங்கே மணவாழ்வுக்கு வெளியே குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின், மார்பில் செந்நிற எழுத்தைச் சுமக்குமாறு பியூரிட்டன் சமூகம் விதிக்கிறது. அந்த எழுத்து வெளிப்படையான அவமானச் சின்னம். ஆனந்தியின் கழுத்திலோ தாலி, மங்கலச் சின்னம். அவமானமாக வரும் தண்டனையைப் பார்ப்பவர் எவரும் அடையாளம் காண்பர். மங்கலமாக வரும் தண்டனையை ஊர் வாழ்த்திவிட்டுப் போகும். சின்னத்தைக் கழற்றுவதும் அந்த அளவுக்குக் கடினமாகிறது. ஹெஸ்டர் இறுதியில் பாஸ்டனுக்குத் திரும்பித் தானாகவே அந்த எழுத்தை மீண்டும் அணிகிறாள். ஆனந்தி தாலியைத் துறந்து அண்ணாமலையிடம் செல்கிறாள்; திரும்பவில்லை. இவ்விடத்தில் அகிலன் ஹாதோர்னைவிட ஓரடி முன்னே நிற்கிறார்.

தூய்மையை அளவுகோலாக்கிப் பெண்ணை நிறுத்துப்பார்க்கும் வழக்கம் அகிலன் பிறந்த மண்ணுக்கும் புதிதன்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மகாராஜா கல்லூரியில் சேர முயன்றபோது, அவர் பெண் என்பதோடு தாயின் குலப் பின்னணியும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி அனுமதி அளித்தார். இதிலிருந்துதான் நாவல் பிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. பிறப்பாலோ பிறர் செயலாலோ வந்த ‘களங்கத்துக்கு’ப் பெண்ணையே பொறுப்பாக்கும் தர்க்கம் இரண்டிலும் ஒன்றே என்பதுதான் இங்கே கவனத்துக்குரியது.

ஆயினும் ஆனந்தியின் விடுதலைக்கு அகிலன் எந்த நியாயத்தைத் துணைக்கழைக்கிறார்? அவள் மனம் முதலிலிருந்தே அண்ணாமலைக்கு உரியது. மாணிக்கத்துடன் நடந்த மணம்தான் பிறழ்வு. ஆகவே தாலியைத் துறப்பது கற்பை மீறுவதாகாமல் உண்மையான கற்புக்கு மீள்வதாக அமைந்துவிடுகிறது. உடலின் தூய்மை இருந்த இடத்தில் மனத்தின் தூய்மை அமர்கிறது. தூய்மை என்ற அளவுகோல் அப்படியே இருக்கிறது. அண்ணாமலை என்றொருவன் இல்லாதிருந்தால் கொடுமைக்காரக் கணவனைவிட்டு வெளியேற அவளுக்கு உரிமை உண்டா என்ற வினாவை நாவல் எதிர்கொள்ளவில்லை.

1960களில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையிலும் இதற்கு இணையான எல்லையைக் காணலாம். சிதைக்கப்பட்ட மகளின் தலையில் தாய் நீரூற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். குற்றவாளியையே மணக்கும் விதியை அந்தத் தாய் மறுப்பது பெரும் துணிவு. ஆனால் அங்கும் விடுதலை ஒரு தூய்மைச் சடங்கின் வழியாகவே கைகூடுகிறது. கழுவ வேண்டிய அழுக்கு மகள்மீது ஏதுமில்லை என்று கதை சொல்லவில்லை.

இவ்வெல்லையைப் படைப்பின் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. கற்பை முற்றாக மறுக்கும் நாவலைக் குடும்ப வாசகர்கள் அந்நியக் குரலென்று ஒதுக்கியிருக்கக் கூடும். கற்பின் மொழியிலேயே பேசியதால்தான், தாலியைத் துறந்த ஒருத்தியின் பக்கம் அவர்களை அகிலனால் நிற்கவைக்க முடிந்தது. அவருடைய விமர்சனத்தின் வலிமையும் வரம்பும் இந்த ஒரே உத்தியிலிருந்து பிறந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் புரட்சியாளர் என்றோ மரபுவாதி என்றோ முத்திரை குத்துவது நாவலைப் பாதி வாசிப்பதாகும்.