உடை போய் சீமைக்கருவேலம் வந்த கதை

திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் போற நாலுவழிச் சாலையில், நாங்குநேரி பக்கம் குடை விரிச்ச மாதிரி தலை தட்டையா நிக்கிற முள்மரத்தைப் பார்த்திருப்பீங்க. அதுதான் உடை. குடைவேலம்னும் சொல்வாங்க. எங்க மண்ணோட வரலாற்றை அதுல இருந்து தொடங்கலாம்.

யூரியா வர்றதுக்கு முன்னாடி, இங்க உரம் பாதி மரத்துல இருந்துதான் வந்துச்சு. நடவுக்கு முன்னாடி கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, பூவரசு, புங்கம், வேம்புன்னு தழை வெட்டி வயல்ல போட்டு, சேத்தோட மிதிப்பாங்க. கொழிஞ்சியும் புங்கமும் அவரைக் குடும்பம். காத்துல இருக்கிற தழைச்சத்தை வேர் முடிச்சுல பிடிச்சு வைக்கும். இளந்தழை சீக்கிரம் மட்கிப் பயிருக்குப் போகும். நார் உள்ளது மெதுவா மட்கி மண்ணைப் பொலபொலன்னு வைக்கும். யாழ்ப்பாணத்துலயும் இதே அறிவுதான்: பூவரசங்குழையையும் பனையோலையையும் தோட்டத்துல புதைப்பாங்க.

வரப்புல நின்ன பனையோட சல்லிவேர் மண் அரிக்காமப் பார்த்துக்கிச்சு. கோடையில உடங்காய் தின்ன ஆடு, ராத்திரி வயல்ல கிடை போடும்போது புழுக்கையா அந்தச் சத்தைக் கொண்டுவந்து சேர்த்துச்சு.

1960-களுக்கு அப்புறம் உர மூட்டை வந்துச்சு. தழை வெட்டுற வேலை குறைஞ்சது. வேலை இல்லாத மரத்தை வரப்புல யார் வைப்பாங்க? பனை செங்கல் சூளைக்குப் போச்சு. காலியான இடத்தையெல்லாம், அமெரிக்கக் கண்டத்துல இருந்து 19-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம் பிடிச்சுக்கிச்சு. அதுவும் அவரைக் குடும்பம்தான், தழைச்சத்து சேர்க்கும். விறகும் கரிமூட்டமும் கொடுத்துப் பல வீட்டுல அடுப்பெரிய வச்சதும் அதுதான். ஆனா தனக்குக் கீழ வேற செடியை லேசுல வரவிடாது. பல விதத் தழையும் பல ஆழத்து வேரும் சேர்ந்து செஞ்ச வேலையை ஒத்தை மரம் செய்ய முடியாது.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னப்போ, ஜேசிபி ஊர் ஊரா வந்துச்சு. பிடுங்கின இடத்துல என்ன வைக்கிறதுன்னு பேசினவங்க குறைவு. சும்மா விட்டா, மண்ணுல கிடக்கிற விதை அடுத்த மழையிலயே திரும்ப முளைக்கும். தேக்கு மட்டும் வரிசையா நட்டாலும் அது இன்னொரு ஒத்தை மரம்தான். வரப்புல பனை, வேலியில பூவரசும் புங்கமும், தரிசுல கொழிஞ்சி, ஆட்டுக்கு நாலு உடை. இதுல எதுக்கும் பெருசா செலவு கிடையாது. விதையெல்லாம் இன்னும் ஊருக்குள்ளயேதான் இருக்கு.