பத்து நாள் வாழ்ந்த மசோதா

கல்லாவியில் கதிரவன் எழுமுன் கண்விழிப்போர் இரு சாரார். கழனிக்குச் செல்வோர் ஒரு சாரார். கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்போர் மற்றொரு சாரார். போச்சம்பள்ளிக்கும் பர்கூருக்கும் ஒசூருக்கும் செல்லும் அந்த வரிசையில், பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் பலர் நிற்கின்றனர். அவர்தம் தம்பி தங்கையரோ என் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். எட்டு மணி நேர வேலை எவ்வாறு வந்தது என்று நான் வரலாறு நடத்துகிறேன். வீட்டைவிட்டுப் புறப்பட்டது முதல் வீடு திரும்பும்வரை அக்காளுக்கு எத்தனை மணி நேரம் கழிகிறது என்று கணக்கிட்டுச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் துணை தேவைப்படுவதில்லை.

அந்த எட்டு மணி நேரம் யாரும் தூக்கிக் கொடுத்த தானமன்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம், நூற்பாலை, நெசவாலைகளில் வயதுவந்த ஆண்மகனை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. அதையே பெருங்கருணை என்று எண்ணிய காலம் அது! 1918இல் சென்னைப் பின்னி ஆலைத் தொழிலாளர் திரண்டெழுந்து, வாடியாவும் திரு.வி.க.வும் துணைநிற்கச் சங்கம் கண்டனர். நண்பகலில் உணவு கொள்ள விட்ட இடைவேளை போதவில்லை என்பது அவர்தம் முறையீடுகளுள் ஒன்று. சோறுண்ணும் நேரத்திற்கும் போராட வேண்டியிருந்தது, தோழர்களே! 1922இல் நாளுக்குப் பதினொன்று, வாரத்துக்கு அறுபது என்றாயிற்று. 1923 மே முதல் நாள் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி உயர்த்தி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1934இல் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு. 1946இல்தான், அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், வாரம் நாற்பத்தெட்டு என்ற திருத்தம் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

பன்னிரண்டு நாற்பத்தெட்டாக, அதாவது நாளளவு வாரக் கணக்காக மாற முப்பத்தைந்து ஆண்டுகள். ஒவ்வொரு மணியையும் குறைக்க அவை கூடியது, தெரிவுக் குழுக்கள் அமர்ந்தன, எதிர்த்தோர் எதிர்த்தனர், பதிவேடு நிறைந்தது. மறுபடியும் பன்னிரண்டுக்குப் போக எத்தனை நாள் பிடித்தது?

2023 ஏப்ரல் 12ஆம் நாள், தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா அறிமுகமாயிற்று. கூட்டத் தொடரின் கடைசி நாளான ஏப்ரல் 21இல் அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காங்கிரஸ், இரு பொதுவுடைமைக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் முதலான தோழமைக் கட்சியினர் எதிர்ப்புரைத்து வெளிநடப்புச் செய்தனர். மசோதாவைக் கொணர்ந்ததோ அண்ணா கண்ட கழகத்தின் அரசு. 1969இல் மே தினத்தை ஊதியத்தோடு கூடிய விடுமுறையாக்கிய அதே கழகத்தின் அரசு. எழுதக் கை கூசுகிறது. ஆயினும் நம்மவர் செய்தனர் என்பதற்காக நாம் வாளாவிருப்பின், மாற்றார் செய்யும்போது வாய்திறக்க நமக்கு உரிமை ஏது?

மசோதா புகுத்த விழைந்தது 65அ என்ற ஒரே ஒரு பிரிவு. பன்னிரண்டு மணி என்ற சொல்லை அதில் தேடினாலும் காணக் கிடையாது. எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும், அரசு ஓர் அறிவிக்கையின் வாயிலாக விலக்கு அளிக்கலாம் என்பதே அதன் சாரம். எவற்றிலிருந்து விலக்கு? வார வேலை நேரம், வார விடுமுறை, நாள் வேலை நேரம், ஓய்வு இடைவேளை, பணி பரந்து நிற்கும் நேரம், மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம் ஆகிய அனைத்திலிருந்தும்! வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓயலாம், விரும்புவோர்க்கு மட்டுமே, மின்னணு, தோல் சாராக் காலணி போன்ற தொழில்களுக்கே என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தனர். அவர்தம் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நாற்பத்தெட்டு என்ற வரம்பையே தளர்த்தும் அதிகாரம் அல்லவா ஏட்டில் எழுதப்பட்டிருந்தது? அமைச்சர் மாறுவார், ஆட்சி மாறும். வழக்கு மன்றத்தில் நீதிபதி எடுத்துப் படிப்பது ஏட்டைத்தான்.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் கருநாடகச் சட்டமன்றமும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. எனினும் வாரம் நாற்பத்தெட்டு என்ற வேலியை அது சட்டத்துக்குள்ளேயே வைத்தது. அத்திப்பள்ளியில் முதலுக்குக் கிடைக்கும் சலுகை ஒசூரிலும் கிடைக்க வேண்டுமே என்று நம் அதிகாரிகள் கவலையுற்றிருக்கலாம். அண்டை மாநிலம் தந்தது அளவு குறித்த விலக்கு. நாம் தர முனைந்ததோ தொகை எழுதாத காசோலை.

கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2020 ஏப்ரலில் குசராத் அரசு, பொது நெருக்கடி எனப் பழைய சட்டத்திலிருந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி, வாரத்துக்கு எழுபத்திரண்டு மணி என்று அறிவிக்கை விட்டது. இரட்டை ஊதியமும் இல்லை என்றது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. பெருந்தொற்று அச்சட்டம் கூறும் நெருக்கடியாகாது என்றது. மிகைநேர ஊதியத்தைக் கொடுக்கவும் ஆணையிட்டது. நெருக்கடி என்ற நிபந்தனை ஒன்று அங்கே இருந்ததால் நீதிமன்றம் தலையிட முடிந்தது. 65அவில் அந்தத் தடையும் இல்லை.

நம் மசோதாவை எது தடுத்தது? தொழிற்சங்கங்கள் தடுத்தன. ஆளுங்கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கமும் உடன்பட மறுத்தது. ஏப்ரல் 24இல் அமைச்சர்கள் சங்கங்களோடு பேசினர். அன்றே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள் சென்னை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதென முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றி நூறாண்டு நிறைந்த நாள் அது! தவற்றைத் திருத்திக்கொண்ட அரசைப் பாராட்டலாம், பாராட்டுகிறேன். ஆனால் சங்கங்களிடம் ஏப்ரல் 24இல் கேட்டதை 12ஆம் நாளுக்கு முன்பே கேட்டிருக்கலாகாதா?

இன்னொன்றும் உண்டு. அதே ஏப்ரல் 21இல், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் விவாதமின்றி நிறைவேறியது. நூறு எக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களின் எல்லைக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் கிடந்தால், அந்நிலத்தை ஒருங்கிணைத்து மாற்றிக்கொடுக்க அது வழிசெய்கிறது. வேளாண் மக்களும் சூழலியலாளரும் எதிர்த்தும் அது திரும்பப் பெறப்படவில்லை, சட்டமாயிற்று. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. ஏரிக்குச் சங்கம் ஏது? தொழிற்பேட்டைகள் விரிந்து வரும் எங்கள் மாவட்டத்தில் இதை அறிந்தோர் எத்தனை பேர்? குரல் வாக்கெடுப்பில் எவர் ஆம் என்றார், எவர் வாளாவிருந்தார் என்று பெயர் வாரியாகப் பதிவு இல்லை. என் வாக்கைப் பெற்றவர் எப்படி வாக்களித்தார் என்பதை நான் அறிய வழியில்லை.

2020 செப்டம்பரில் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மாநிலங்களவை நிறைவேற்றியபோதும் எதிர்க்கட்சி வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. 2025 நவம்பர் 21இல் அவை நடைமுறைக்கு வந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது. புதிய தொகுப்பில் நாளுக்கு எட்டு மணி என்று எழுதியிருக்கிறது, உண்மை. அதே ஏட்டில், வேலைவாய்ப்பைப் பெருக்கும் பொருட்டுப் புதிய தொழிற்சாலைகளுக்கு எந்தப் பிரிவிலிருந்தும் மாநில அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. 65அ சென்னையில் மாண்டது. அதன் உடன்பிறப்பு தில்லியில் உயிரோடிருக்கிறது.

அந்தப் பிரிவின்கீழ் வெளிவரும் அறிவிக்கை எதுவும் கல்லாவிக்கு அஞ்சலில் வரப்போவதில்லை. அரசிதழில் ஏதோ ஒரு பக்கத்தில் அது கிடக்கும். ஆகவே, மாதம் ஒருமுறை படிப்பகத்தில் அமர்ந்து தொழிலாளர் துறை அறிவிக்கைகளை உரக்கப் படிப்பதென்று நண்பர் சிலரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புவோரும் வருவதற்காக, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் என்று வைத்திருக்கிறோம்.