நாடித் துடிப்பு கணினியை அடைந்த வரலாறு

மருத்துவர் விரலும் நோயாளர் மணிக்கட்டும் பொருந்திய இடத்திலேயே நாடியறிவு நெடுங்காலம் நின்றது. இன்றோ அவ்வறிவு உடலை விட்டு நீங்கி, மாந்தர் அணியும் சிறு கருவியினின்று கணினியைச் சென்றடைகின்றது. அஃது எவ்வாறு சென்றது என்பதையும், செல்லும் வழியில் எதனை இழந்தது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவராகிய சன்ரோறியோ ஊசலொன்றைத் துணைக்கொண்டார். ஊசல் நாடியோடு ஒத்தாடும்வரை நூலை நீட்டியுங் குறுக்கியும், அந்நூலின் நீளத்தையே நாடியின் அளவாகக் கொண்டார். உணர்வு அளவாயிற்று, ஆயினும் அளப்பவர் நோயாளர் அருகிலேயே இருத்தல் வேண்டியிருந்தது.

இத்தடையைக் கடந்தவர் யாவாத் தீவிற் பிறந்த ஒல்லாந்த அறிஞர் வில்லெம் ஐந்தோவன் ஆவர். லைடன் நகரில் அவர் அமைத்த இழைக் கல்வனோமானி ஏறக்குறைய 270 கிலோகிராம் நிறையுடையது. நோயாளர் படுக்கைக்குக் கொண்டுசெல்லற்கரியது. ஆதலின், 1905இல் மருத்துவமனையிலிருந்த நோயாளரின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பிவழியே, ஏறக்குறைய 1.5 கிலோமீற்றர் தொலைவிலிருந்த தம் ஆய்வுகூடத்திற்கு வருவித்தார். இதய மின்வரைபு பற்றிய பணிக்காக 1924இல் நோபல் பரிசும் பெற்றார்.

கம்பியின் தளையை அகற்ற முயன்றவர் அமெரிக்கரான நோர்மன் ஹோல்ரர். 1940களின் பிற்பகுதியில் அவர் ஆக்கிய வானொலிக் கருவியின் நிறை ஏறக்குறைய 38 கிலோகிராம். அதனை முதுகிற் சுமந்தே இயங்கவேண்டியிருந்தது. திரான்சிற்றரின் வரவாற் கருவி சிறுத்தது.

பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல், மார்புப் பட்டியும் கைக்கடிகாரமுங் கொண்ட கம்பியில்லாக் கருவியை வெளியிட்டது. பட்டி ஒவ்வொரு துடிப்பையும் காந்தப்புலச் சைகையாகக் கடிகாரத்திற்கு அறிவித்தது. 1984இல் வந்த அடுத்த வகை, சேமித்த எண்களைக் கணினிக்கு மாற்றும் இணைப்பையும் பெற்றது. 2011இல் புளூடூத் முறையில் நாடித்தரவுக்கெனப் பொதுவிதி வகுக்கப்பட்டது. அவ்விதிப்படி, நிமிடத்திற்குரிய துடிப்பெண் கட்டாயம் அனுப்பப்படும். துடிப்புகளுக்கிடைப்பட்ட காலம், செக்கனின் 1024இல் ஒரு பங்கு நுட்பத்தில், விரும்பின் மட்டுஞ் சேர்க்கப்படும்.

‘விரும்பின்’ என்னும் இச்சொல்லிலேயே இடருளது. இரு இதயங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்று 0.8 செக்கனுக்கொருமுறை தவறாது துடிக்கின்றது, மற்றது 0.6 செக்கன், 1.0 செக்கன் என மாறிமாறித் துடிக்கின்றது. நிமிடக் கணக்கில் இரண்டிற்கும் எண் 75. எண்ணை மட்டும் பெற்ற கணினி இரண்டையும் ஒன்றெனவே காட்டும்; சீரின்மை மறைந்துவிடும். விரல் வைத்துப் பார்த்த பழைய மருத்துவர் அதனை உணர்ந்திருப்பார். ஐந்தோவனின் கம்பியோ அதனை முழு வரைபாகவே காட்டியிருக்கும்.

தொலைவை வென்றதும் சுமையைக் குறைத்ததும் மெய்யான ஆக்கங்களே. எனினும், எளிதிற் செல்லும்பொருட்டுச் செய்தி சுருக்கப்பட்டது என்பதனை மறத்தலாகாது. திரையிற் காணும் எண்ணை இதயமெனக் கொள்ளாது, இதயத்தினின்று வந்த சுருக்கமெனக் கொள்ளுதலே அறிவுடைமையாம்.