தராசும் செக்ரோலும்

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணினி வைத்துக் கொடுத்து, வேலைமுறையைச் சீராக்க ஆலோசனை சொல்லும் தொழிலை இன்று புதிதாகப் பிறந்ததுபோல் பேசுகிறோம். இலங்கையின் மலையகத்துக்கு அது பழையது. 1885இல் நானுஓயாவரை ரயில் ஓடத் தொடங்கி, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவே வட்டகொடை ஒரு நிலையமானபோது, கணக்குக் கேட்கும் கொழும்பும் மலைக்குக் கிட்டே வந்துவிட்டது. அங்கிருந்த ஏஜென்சி நிறுவனங்கள் தோட்டங்களைப் பார்வையிட 'விசிட்டிங் ஏஜென்ட்' என்று அனுபவசாலிகளான துரைமாரை, அதாவது தோட்ட நிர்வாகிகளை, அனுப்பின. அந்த ஏஜென்ட் மலையையும் ஃபெக்டரியையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்து, ஒரு ராத்தல் தேயிலைக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது என்று அறிக்கை எழுதினார். கொழும்பிலும் லண்டனிலும் வாசிக்கப்பட்ட அந்த அறிக்கை தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஒருபோதும் வரவில்லை. தோட்டத்தில் கணக்குக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. உழைத்தவர் அதைப் பார்க்க முடியாததுதான் குறை. எந்தச் சீர்திருத்தமும் அந்தப் புத்தகத்தை எவ்வளவு திறந்ததோ அவ்வளவுதான் பலித்தது.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் வந்த தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்தை அன்றன்றே நிறுக்க வேண்டும். ஆகவே விடியலில் ஆளெடுக்கும் பிரட்டு, மலையில் தராசு, ஆபீசில் பேர்ப்பதிவேடான செக்ரோல் என்று ஒவ்வொரு நாளும் மூன்று இடத்தில் ஆள் எண்ணப்பட்டார். முழுநாள் கூலியான முழுப்பேரா, பாதியான அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளையின் பென்சில் தீர்மானித்தது. அதைவிடக் கொடியது 'துண்டு'. இன்ன கடன்தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் கங்காணியின் பேரில் நின்றாலும், அதைச் சுமந்தது அவருக்குக் கீழே இருந்த தொழிலாளிதான். ஒரு காகிதத் துண்டில் தம் பங்கு எவ்வளவு என்று அறியாமலே குடும்பம் குடும்பமாக மலை மாறினார்கள்.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாதச் சம்பளத்தைக் காலத்தோடு கொடுக்கச் சொன்னது. துண்டை ஒழிக்க 1921 ஆயிற்று. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டில் முதலில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி விதிக்கப்பட்டது. கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கியவர்கள் பெண்கள், ஆனால் சமசம்பளத்துக்கு அவர்கள் 1984வரை காத்திருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விதித்த தொகை ஊரறிந்த தொகையானதும், குறைத்துக் கொடுத்தால் கேட்க ஆளும் சங்கமும் வந்தன. தராசடியில் அப்படி நடக்கவில்லை. கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கழித்த கிலோவை எவரும் எழுதிக் காட்டவில்லை. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தபின் செக்ரோலின் இன்னொரு கோளாறு வெளிப்பட்டது. ஆபீசில் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதிய பெயர் அடையாள அட்டையில் வேறு விதமாக இருந்தால், ஆயுளெல்லாம் உழைத்துச் சேர்த்த காசுக்காகத் தொழிலாளி சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டியிருக்கிறது.

இப்போது மின்தராசு வந்துவிட்டதே, இனி யார் ஏமாற்ற முடியும் என்று கேட்பார்கள். மின்தராசு நல்லதே, பென்சிலின் தயவில் நிற்பதைவிட மேல். ஆனால் தராசு எடையை மட்டும்தான் சொல்லும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு என்பதை வேறிடத்தில் தீர்மானிக்கிறார்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் சண்டை கிலோவைப் பற்றியதாக மாறியது அதனால்தான். கணக்கைக் காட்டினாலும் படிக்கத் தெரிய வேண்டாமா என்பது இன்னொரு வாதம். முன்னொரு காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இன்று லயத்துப் பிள்ளைகள் ஏ.எல். படிக்கிறார்கள், அம்மாவின் சம்பளத் துண்டை வரி வரியாகக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் துண்டில் அன்றன்றைய எடையும் கழிவும் தமிழில் இருக்க வேண்டும், பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். தோட்டத்துக்குக் கணினி பூட்ட வருகிறவர்கள் முதலில் இதைச் செய்து கொடுக்கட்டும்.